பழைய ஸ்போர்ட்ஸ் கார்: அசலுக்கே திருப்புவதா, நம் இஷ்டத்துக்கு மாற்றுவதா?

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி போன மாதம் போனில் பேசினார். பெங்களூரில் பழைய சான் ஸ்டார்ம் கார் ஒன்று கிடைத்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டு வேப்பமரத்தடியில் நிறுத்தியிருக்கிறார். இன்ஜின் ஓடுகிறது. ஆனால் பாடி முழுக்க விரிசல், பெயிண்ட் சுண்ணாம்பு பூசினமாதிரி வெளுத்துவிட்டது, சீட்டில் உட்கார்ந்து எழுந்தால் பேன்ட்டில் ஃபோம் பொடி ஒட்டுகிறது. "அண்ணே, கம்பெனியில வந்த மாதிரியே பண்ணட்டுமா, இல்ல எனக்குப் பிடிச்ச மாதிரி மாத்திடட்டுமா?" என்று கேட்டார். ஆற்காட்டில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருக்கும் ஒரு பெரியவருக்கும் இதே குழப்பம். அவர் பேரன் அதை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றிவிடலாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

சான் ஸ்டார்ம் கோவாவில் தயாரான இரண்டு சீட் திறந்த கார். ஃபைபர் பாடி, ரெனோ 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ஹெரால்டு 1961 முதல் மெட்ராஸில் தயாரானது. தனி சேஸி (அடிச்சட்டம்), அதன்மேல் போல்ட் போட்டு மாட்டிய தகர பாடி. அது ஸ்போர்ட்ஸ் கார் இல்லைதான். ஆனால் இங்கிலாந்தில் ஹெரால்டின் சேஸியைக் குறுக்கித்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதனால் பேரன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை.

நானும் ஒரு ஸ்டார்ம் வைத்திருக்கிறேன். அதன் பாடியையும் உள்வேலையையும் இரண்டு முறை செய்தேன். முதல் முறை செய்தது தப்பாகப் போனதால்தான் இரண்டாவது முறை. அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, செய்த மாற்றத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்பது. சீட்டைக் கழற்றி வேறு சீட் மாட்டினால், நாளை பழையதைத் திரும்ப மாட்டலாம். டேஷ்போர்டை அறுத்து ஸ்க்ரீன் வைத்தால் அறுத்தது அறுத்ததுதான், கடையில் போய் இன்னொரு ஸ்டார்ம் டேஷ்போர்டு வாங்க முடியாது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் எடை அதிகம்.

இரண்டாவது வெயில். வேலூர் வெயில் எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மூடி நிறுத்திய காரின் உள்ளே 60 டிகிரிக்கு மேல் போகும். குளிர் நாட்டுக்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்துப் பொருள் தேர்ந்தெடுத்தால் இங்கே முதல் மே மாதத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது ஆர்.சி. புத்தகம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இந்த வண்டிகள் எல்லாம் 15 வருஷம் தாண்டியவை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் போகும்போது இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பார்.

அப்புறம் பணம், காலம், ஆள். கடைசியாக, வண்டி எதற்கு என்பது. ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி போய்வரவா, தினமும் வேலைக்குப் போகவா, பத்து வருஷம் கழித்து விற்கவா? இதற்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

எந்த வழியில் போனாலும் தப்ப முடியாத வேலை

பெயிண்டுக்கு முன்னால் நடக்கும் வேலைதான் பாதிச் செலவு. அதை யாரும் போட்டோ எடுத்துப் போடுவதில்லை, அதனால் யாரும் அதற்குப் பணம் ஒதுக்குவதும் இல்லை.

தகர பாடி என்றால் துருவைத் தேட வேண்டும். மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். காந்தம் பிடிக்காமல் நழுவும் இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. கதவின் அடி ஓரம், சக்கர வளைவு, கால் வைக்கும் தரை, டிக்கியின் மூலை, இந்த நான்கில்தான் பெரும்பாலும் மாட்டும். துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடிப்பதுதான் வேலை. துருவுக்கு மேல் பட்டி தடவினால் ஒரு மழைக்காலம் தாங்கும்.

ஃபைபர் பாடி துருப்பிடிக்காது. அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன். ஃபைபரில் விரிசல் விடும், உள்ளே அடுக்கு பிரியும். அது மாட்டியிருக்கும் இரும்பு பிராக்கெட்டும் கீலும் தனியாகத் துருப்பிடிக்கும். ஒரு ரூபாய் நாணயத்தால் பாடியைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டக்' என்று இறுக்கமாகக் கேட்கும், அடுக்கு பிரிந்த இடத்தில் சொத்தையான சத்தம் வரும்.

முதல் முறை என் வண்டியின் முன் ஃபெண்டர் விரிசலைத் தகர பாடி செய்து பழகிய ஒரு பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் விரிசல் மேல் பட்டி அப்பி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கண்ணாடி மாதிரி கொடுத்தார்கள். நான்கே மாதம். பள்ளிகொண்டா தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதே இடத்தில் அதே கோடு, மயிரிழைபோல.

சரியான முறை வேறு. முதலில் விரிசல் ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். என் வண்டியில் ஃபெண்டருக்கு அடியில் இருந்த பிராக்கெட்டின் போல்ட் லூசாகி, அந்த ஒரு இடமே எடையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமல் மேலே என்ன பூசினாலும் வீண். பிறகு விரிசலின் இரு பக்கமும் பட்டையாகச் சரித்துத் தேய்த்து எடுத்து, ஃபைபர் மேட் (கண்ணாடி நார்ப் பாய்) துண்டுகளைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கி ரெசின் ஊற்ற வேண்டும். முடிந்தால் உள்பக்கமும் ஒரு அடுக்கு. இதைச் செய்யத் தெரிந்தவர் கார் பட்டறையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தண்ணீர்த் தொட்டி, கெமிக்கல் தொட்டி செய்கிற ஃபைபர் கைகளுக்கு இது அன்றாட வேலை. எனக்கு இரண்டாவது முறை செய்துகொடுத்தவர் அப்படிப்பட்ட ஒருவர்தான்.

இங்கே மூன்று எச்சரிக்கை. ரெசினில் கலக்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கி முடித்துவிட்டுத்தான் கேட்டலிஸ்ட்டைத் தொட வேண்டும். இரண்டாவது, பழைய பெயிண்டை எடுக்க பெயிண்ட் ரிமூவர் ஊற்றாதீர்கள், அது ஃபைபரையும் தின்னும். தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், தேய்க்கும்போது மாஸ்க் இல்லாமல் நிற்கக் கூடாது. மூன்றாவது, ஒட்டு வேலை முடிந்த உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் வெயிலில் விடுங்கள். ரெசின் முழுக்க இறுகிச் சுருங்க வேண்டியது சுருங்கிவிடும். அவசரப்பட்டால் பளபளப்புக்கு அடியில் ஃபைபர் மேட்டின் நார் தெரிய ஆரம்பிக்கும். வேலூர் வெயில் நமக்கு உதவுகிற ஒரே இடம் இதுதான்.

வழி ஒன்று: அசலுக்கே திருப்புவது

நிறம், சீட்டின் தையல், டேஷ்போர்டு, கண்ணாடி ரப்பர் எல்லாம் வண்டி வெளியே வந்த நாளில் இருந்தபடி. ஆர்.சி. பிரச்சினை இல்லை. விற்கும்போது மதிப்பு தெரிந்தவர் வாங்குவார். 50 வருஷம் தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டியை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யவும் 2021இல் விதி வந்திருக்கிறது. ஆற்காட்டுப் பெரியவர் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். பேரன் ஆசைப்படி பாடியை அறுத்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

மறைந்திருக்கும் செலவு காலம்தான். ஒரு டெயில் லைட் கண்ணாடிக்காக நான் பழைய பாகக் கடைகள் இருக்கும் சென்னை புதுப்பேட்டைக்கும் பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்கும் போய்வந்த பெட்ரோல் காசில் இன்னொரு டெயில் லைட்டே செய்திருக்கலாம். கிடைக்காத பொருளை அச்செடுத்துச் செய்ய வேண்டிவரும். 'இன்னும் ஒரே ஒரு பொருள்தான்' என்று ஒன்றரை வருஷம் வண்டி கவர் போட்டு நிற்கும். அந்த நாட்களில் வீட்டில் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

வழி இரண்டு: முழுக்க நம் இஷ்டம்

பெரிய சக்கரம், அகன்ற ஃபெண்டர், பக்கெட் சீட், புது டேஷ்போர்டு, கண்ணைப் பறிக்கும் நிறம். இதில் ஒரு சந்தோஷம் உண்டு, நான் மறுக்கவில்லை. பாகம் கிடைக்காத பிரச்சினையும் பெரிதாக இல்லை, இருப்பதை வைத்துப் பொருத்திக்கொள்ளலாம். ஏற்கெனவே யாரோ பாதி அறுத்து நாசம் செய்த வண்டி, அசல் பாகம் எதுவும் மிச்சமில்லாத வண்டி கையில் இருந்தால், இந்த வழிதான் நியாயமானது. வண்டியை வெட்டாத வரைக்கும்.

வெட்டினால்தான் சிக்கல். கூரையை அறுத்துத் திறந்த கார் ஆக்குவது, சேஸியைக் குறுக்குவது, இதெல்லாம் சட்டப்படி முடியாது. அதைவிட முக்கியம், தனி சேஸி இல்லாத வண்டியில் கூரை என்பது பாடியின் பலத்தில் ஒரு பங்கு. அதை எடுத்தால் வண்டி நடுவில் தொய்யும், கதவு மூடாது. விபத்து நடந்து இன்சூரன்ஸுக்குப் போனால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி மறுக்கவும் அவர்களுக்கு வழி இருக்கிறது. இன்னொன்று, பக்கெட் சீட் மாட்டும்போது குஷன் கடையில் சீட் பெல்ட்டின் போல்ட்டை வசதிக்காக இடம் மாற்றுவார்கள். அந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெல்ட்டுக்குச் சாயம் போடவும் விடாதீர்கள், நார் பலவீனமாகும்.

வழி மூன்று: வெளியே அசல், உள்ளே நம் விருப்பம்

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இது. பாடியின் வடிவம், நிறம், விளக்கு எல்லாம் அசல். உள்ளே சீட்டின் தோல், கார்பெட், சத்தம் தடுக்கும் ஷீட், ஸ்டீயரிங் உறை, இவற்றில் நம் ரசனை. ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது, ஏற்கெனவே இருக்கும் போல்ட் ஓட்டையில்தான் எதையும் மாட்ட வேண்டும். கழற்றிய பழைய பொருள் ஒவ்வொன்றையும் பெயர் எழுதி அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். பழைய சீட் உறைகூட இருக்கிறது. அதைப் பிரித்துத்தான் புது உறைக்கு அளவு வெட்டினோம்.

இதன் மறைந்த செலவு அந்தப் பெட்டிகளை வைக்கிற இடம்தான். அதோடு உள்வேலையில் கை வைத்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| எதைப் பார்ப்பது | அசலுக்கே | முழு மாற்றம் | வெளியே அசல், உள்ளே விருப்பம் |
|---|---|---|---|
| திரும்ப எடுக்க முடியுமா | கேள்வியே இல்லை | பெரும்பாலும் முடியாது | ஓட்டை போடாத வரை முடியும் |
| வெயில் | பழைய பொருள் வகை சிலது தாங்காது | பொருள் தேர்வைப் பொறுத்தது | வெயிலுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கலாம் |
| ஆர்.சி. | சிக்கல் இல்லை | நிறத்துக்கு அனுமதி, வடிவத்துக்குத் தடை | சிக்கல் இல்லை |
| காலம் | மிக நீளம் | கைக்கு ஏற்றபடி | நடுத்தரம் |
| மறைந்த செலவு | பாகம் தேடும் அலைச்சல் | மறுவிற்பனை, இன்சூரன்ஸ் | பழைய பொருளைப் பாதுகாக்கும் இடம் |
| யாருக்கு | பொறுமை உள்ளவர், அபூர்வ வண்டி | அசல் மிச்சமில்லாத வண்டி | வண்டியை ஓட்டவும் விரும்புகிறவர் |

சீட்டுக்கு: தோலா, ரெக்சினா, துணியா

வேலூரில் இருந்துகொண்டு சீட்டுக்கு ரெக்சின் போடுவதா என்று எல்லோரும் கேட்பார்கள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று சுற்றிச்சுற்றித் தோல் பதனிடும் ஊர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தெரிந்தவர் மூலம் அருமையான கருப்புத் தோல் வாங்கினேன். கையில் எடுத்தால் பட்டுமாதிரி வழுக்கும். ஷூவுக்குச் செய்த தோல் அது.

ஒரே கோடை. மேல் பகுதி செம்பட்டையாக வெளுத்தது. முதுகுச் சாய்மானத்தின் தையல் ஓரத்தில் தோல் சுருங்கி, ஊசி ஓட்டை ஒவ்வொன்றும் அரிசிமணி அளவு பிளந்தது. தோலில் குறை இல்லை, அதை வாங்கிய இடத்தில்தான் குறை. ஷூ தோல் செய்யும்போது அது நாள் முழுக்கத் திறந்த காரில் வெயில் காயும் என்று யாரும் நினைத்துச் செய்வதில்லை.

அடுத்த முறை வயதான ஒரு தோல் வியாபாரியிடம் போனேன். "பாய், கார் சீட்டுக்கு, மேலே கூரை இல்லாத கார்" என்றதும் அவர் முதலில் எடுத்துக் காட்டியதையெல்லாம் மடித்து வைத்துவிட்டார். உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு உருண்டு நின்றது. "இது நிக்குது பாருங்க, மேல கோட்டிங் இருக்கு. அது குடிச்சிடும்" என்று முதலில் மடித்து வைத்ததைக் காட்டினார். பிறகு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அழுத்தித் தேய்த்துக் காட்டினார், துணியில் சாயம் ஏறவில்லை. இந்த இரண்டு சோதனையும் போதும், நீங்களும் கடையிலேயே செய்து பாருங்கள்.

தோல் வாங்கும்போது இன்னும் சில விஷயம். சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள். ஆட்டுத் தோல் ஒன்று நான்கைந்து சதுர அடிதான் வரும், சீட்டின் அகலத்துக்கு நடுவில் தையல் போட்டே ஆக வேண்டும். மாட்டுத் தோல்தான் சரி, கனம் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டி இருக்கட்டும். வயிற்றுப் பகுதித் தோல் இழுபடும், அதை உட்காரும் இடத்தில் வைக்க விடாதீர்கள். கழிவையும் சேர்த்து ஒரு சீட்டுக்கு 30 சதுர அடி கணக்கு வைத்தேன், கொஞ்சம் மிஞ்சியது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் இந்தப் பக்கத்தின் பழைய பெருமை. அந்தப் பழுப்பு நிறத்துக்கு ஈடே இல்லை. ஆனால் வெயில் பட்டால் கருக்கும், விறைக்கும். கியர் உறைக்கும் கதவு இழுக்கும் வாருக்கும் அதைப் போட்டேன். சீட்டுக்குப் போடவில்லை. தைக்க நைலான் அல்லது பாலியஸ்டர் நூல்தான், பருத்தி நூல் வியர்வையில் மக்கும். தையல் நெருக்கமாக இருந்தால் அழகு என்று நினைப்பார்கள். நெருக்கமான ஓட்டை ஸ்டாம்பு ஓரம்போல் கிழியும்.

ரெக்சின் விலை குறைவு, மழை பட்டால் துடைத்துவிடலாம். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் அசலாக வந்ததே ரெக்சின்தான். அதனால் அசலுக்குத் திருப்புகிற வண்டிக்குத் தோல் போடுவதுதான் மாற்றம். குறை என்னவென்றால் வெயிலில் எண்ணெய்ப்பசை போய் விறைத்து வெடிக்கும். வியர்த்த முதுகு ஒட்டும். தினமும் வெளியில் நிற்கிற வண்டிக்கு, எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. ஐந்தாறு வருஷத்தில் மாற்றிக்கொள்ளலாம், மனசு வலிக்காது.

துணி நம் வெயிலுக்கு உட்கார மிகச் சுகம். ஆனால் திறந்த காரில் ஒரு மழையில் நனைந்தால் ஃபோம் வரைக்கும் போகும், நாற்றம் போகாது. மூடிய கூரை உள்ள காருக்கு மட்டும்.

எதைப் போட்டாலும் ஃபோமை மாற்றாமல் மேலுறை மட்டும் போடாதீர்கள். உட்காரும் இடத்துக்கு 40 டென்சிட்டி கேளுங்கள்.

பெயிண்டா, ராப்பா

சுருக்கமாகச் சொல்கிறேன். ராப் என்பது ஒட்டுகிற ஃபிலிம். அடியில் இருக்கும் பெயிண்ட் நல்ல நிலையில் இருந்தால்தான் அது நிற்கும், விரிசலும் பட்டியும் அதன் வழியாக அப்படியே தெரியும். உரிக்கும்போது பலவீனமான பெயிண்டையும் கூடவே எடுத்துக்கொண்டு வரும். பானெட், டிக்கி மாதிரி வானம் பார்த்த இடங்களில் இங்கே சீக்கிரம் வறண்டு வெடிக்கும். நிறம் மாறினால் ராப்புக்கும் ஆர்.டி.ஓ. விதி அதேதான். நல்ல பெயிண்ட் உள்ள வண்டிக்குக் கொஞ்ச காலம் வேறு நிறம் பார்க்க ஆசை என்றால் ராப். பழைய வண்டியை மீட்பது என்றால் பெயிண்ட்தான், பேஸ் கோட்டும் அதன் மேல் கிளியர் கோட்டும்.

எப்போது அடிப்பது என்பதும் முக்கியம். ஐப்பசி கார்த்திகையில் காற்றில் ஈரம், பெயிண்ட் வெள்ளை பூக்கும். சித்திரை வைகாசியில் தின்னர் பறந்து, பெயிண்ட் விழுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாகும். தை, மாசிதான் நம் ஊரில் பெயிண்டுக்குக் காலம்.

எங்கே கொடுப்பது

சென்னை கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர், பெங்களூர் 200க்கு மேல். நல்ல பெயிண்ட் பூத் இரண்டு இடத்திலும் இருக்கிறது. ஆனால் டிங்கரிங், ஃபைபர் ஒட்டு, குஷன், இந்த மூன்றையும் உள்ளூரில்தான் செய்ய வேண்டும் என்பேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது பத்து நிமிஷம் நின்று பார்க்கிற வண்டிக்கு வேலை நடக்கும். மாசம் ஒருமுறை போய்ப் பார்க்கிற வண்டி பட்டறையின் பின்பக்கம் தள்ளப்பட்டு, அதன் மேல் வேறு வண்டியின் கதவைச் சாய்த்து வைத்திருப்பார்கள். பட்டறையில் பேசும்போது மொத்தமாக ஒரு தொகை பேசாமல், துருவெடுப்பு, ஒட்டு, பிரைமர், பெயிண்ட் என்று கட்டம் கட்டமாகப் பேசுங்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் போட்டோ எடுத்துக்கொண்டு பணம் கொடுங்கள். பிரைமருக்கு முன்னால் ஒருமுறை கட்டாயம் நேரில் பார்க்க வேண்டும், அதற்கப்புறம் எல்லாம் மூடிவிடும்.

ஆற்காட்டுப் பெரியவருக்கு நான் சொன்னது முதல் வழி. ஹெரால்டின் பாடி போல்ட்டில் மாட்டியது என்பதால் கழற்றித் துருவைப் பார்ப்பது சுலபம். சீட்டையும் ஸ்டீயரிங்கையும் மட்டும் பேரன் இஷ்டத்துக்கு விட்டுவிடச் சொன்னேன். காட்பாடித் தம்பிக்கு மூன்றாவது. அவர் போன ஞாயிறு கார்பெட்டை உரித்துவிட்டு வீடியோ அனுப்பினார். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்துக்கு அடியில் இரும்பு பிராக்கெட் ஒன்று ஸ்க்ரூ டிரைவர் பட்டதும் பொடிந்து விழுகிறது. தோல் வாங்க எடுத்து வைத்திருந்த பணம் முதலில் அதற்குப் போகிறது. பெயிண்ட் தை மாதம்.